ஒரு வார்த்தை விடாமல்

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சூடாகும். வாய் அதற்கு அப்புறம்தான் திறக்கும். ஆதரவு மையத்தின் சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் தொட்டால் சுடும் நிலையில் இருந்தன.

அந்த சோபாவே ஒரு சதி. உட்கார்ந்த ஆளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். சண்டை போடலாம் என்று விறைப்பாக வருகிறவர்கள் முழங்கால் முகத்துக்கு நேராக வர, புதைந்து கிடந்துவிட்டு, எழுந்திருக்கக் கை கொடுங்கள் என்று கேட்டு, கை கொடுத்ததற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். அறை முழுக்க ரோஜா வாசனை அடிக்கும், ரோஜாதான் இருக்காது. பல்கலைக்கழக மாணவர்களின் கஷ்டத்தையெல்லாம் தீர்ப்பதற்காக ஏற்பட்ட இடம் அது.

"இதுல வருத்தப்பட ஒண்ணுமே இல்லம்மா" என்றார் இயக்குநர். குரலிலேயே எப்போதும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு சிரிப்பு மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவு வீட்டிலும் அந்த அம்மாள் அதே குரலில்தான் பேசுவார் போலிருக்கிறது. "எல்லாருக்கும் எல்லாப் பாடமும் வரணும்னு இருக்கா? வரலாறு எடுத்துக்கோ. இலக்கியம் எடுத்துக்கோ. உனக்கு ஏத்த பாடமா நாங்களே மாத்திக் கொடுக்கறோம். அதுக்குத்தானே இருக்கோம்."

"கணக்கு எனக்கு வரும் மேடம்."

"வருது, வருது. ஆனா பூஜ்யம் வாங்கியிருக்கியேம்மா."

மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். மிளகாய் என்பது அண்ணன் வைத்த பெயர். பிறந்தபோதே பார்வை இல்லாத தங்கச்சியைத் தெருவில் ஒருவன் கேலி செய்தபோது, அண்ணன் ஓடி வருவதற்குள் அவள் அவன் கையைக் கடித்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் மிளகாய், இப்போது வகுப்பிலும் மிளகாய். கணக்கு இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டு எல்லாத் தாளிலும் முதல் மூன்று பேருக்குள் வந்தவள். இந்த ஒரு தாளில் தேறாவிட்டால் மூன்றாம் ஆண்டு கணக்கு வகுப்புக்குள் நுழைய முடியாது, துறையை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று வந்திருந்தால்கூட எங்கேயோ கோட்டை விட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்? எழுதாமலே எழுந்து வந்தவனுக்குத்தான் பூஜ்யம் போடுவார்கள்.

"அதை விடு. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம மையத்தோட ஆண்டு விழா. மையத்தை மதிப்பிட வெளியில இருந்து பெரிய குழு ஒண்ணு வருது. நீதான் மேடையில ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும். நீதானே எங்க முகமே!"

முகம் என்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் வருஷம் சேர்ந்த அன்றே அவளைக் கைத்தடியோடு நிற்க வைத்துப் படம் எடுத்து, ஆள் உயரத்துக்கு ஒரு அட்டை செய்து, "உங்களோடு நாங்கள்" என்று எழுதி வராந்தா நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சரியாக அவள் நடக்கிற வழியில். ஓரமாக வையுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஓரமாக வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படாதாம். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவள் தன் மூஞ்சியிலேயே போய் முட்டிக்கொள்வாள்.

அன்றைக்கும் முட்டினாள். வழக்கமாகத் தடவிப் பார்த்து விலகிப் போகிறவள், அன்றைக்குத் தடியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். அட்டை மல்லாக்க விழுந்தது. வயிற்றெரிச்சலுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

"என்னம்மா, யாரை அடிச்சீங்க?" என்று காபி மெஷின் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. கோர்ட் சார்.

கோர்ட் சார் ஆயுசில் பாதியை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகக் கழித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மையத்தில் வந்து சேர்ந்துகொண்டார். பார்வையற்ற பிள்ளைகள் தேர்வில் பதிலைச் சொல்லச் சொல்ல எழுதித் தருவது அவர் வேலை. பூஜ்யம் வந்த தாளை எழுதியவரும் அவர்தான்.

"என்னையேதான் அடிச்சேன் சார். பூஜ்யம் வாங்கினவளை வேற என்ன பண்றது?"

"பூஜ்யமா?" காபி டம்ளர் எங்கேயோ வைக்கப்படும் சத்தம். "இருக்கவே இருக்காதும்மா. நீங்க தண்ணியா கொட்டினீங்களே! நானும் ஒரு வார்த்தை விடலையே. படிச்சுக்கூடக் காட்டினேனே!"

படித்துக் காட்டினார் என்பது உண்மை. முதல் ஆண்டு முழுக்க அவளுக்கு எழுதியது வணிகவியல் படித்த ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு படித்தவள். படிப்பு முடிந்து அவள் போனதும், இந்தத் தாளுக்கு கோர்ட் சாரை அனுப்பினார்கள். பிரெயில் கேள்வித்தாளை விரலால் தடவிப் படித்து, மனசுக்குள்ளேயே போட்டு முடித்து, வரி வரியாகச் சொன்னாள். ஒவ்வொரு விடை முடிந்ததும் "படிச்சுக் காட்டுங்க சார்" என்றாள். அவர் கணீரென்று படித்தார். அவள் சொன்னது சொன்னபடி, ஒரு பிசகு இல்லாமல் திரும்பி வந்தது. அந்த அக்காகூட நடுவில் எதையாவது முழுங்கிவிடுவாள். இப்படி ஒரு ஆள் முதலிலேயே கிடைக்காமல் போனாரே என்று அன்றைக்கு மிளகாய் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு அழகா எழுதினேன்மா. இந்த வயசுலயும் என் கையெழுத்து முத்து முத்தாத்தான் இருக்கும்" என்றார் கோர்ட் சார். "நீங்க 'அடைப்புக்குறி திறங்க'ன்னு சொன்னது, 'மூடுங்க'ன்னு சொன்னது, நடுவுல 'ஐயோ இல்ல, அடிச்சிடுங்க சார்'னு சொன்னது, எதையும் விடலை. தண்ணி கேட்டீங்களே, அதைக்கூட."

மிளகாயின் காதுச் சூடு சட்டென்று இறங்கிப் போயிற்று.

"சார். அடைப்புக்குறி திறங்கன்னு நான் சொன்னா, நீங்க என்ன எழுதுவீங்க?"

"அடைப்புக்குறி திறங்கன்னு எழுதுவேன்."

"எழுத்துலயா?"

"வேற எதுலம்மா எழுதறது?"

"இன்டெக்ரல்? அந்த வளைஞ்ச குறி?"

"இன், டெக், ரல். எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன். புது வார்த்தை, தப்பா வந்துடக் கூடாது பாருங்க."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். தாள் முழுக்கக் கணக்கு இல்லை. தாள் முழுக்க அவள் பேச்சு இருந்திருக்கிறது. ஒரு குறி இல்லை, ஒரு எண் இல்லை, ஒரு சமன்பாடு இல்லை. எக்ஸ் கூட்டல் ஒண்ணு, அதுக்கு மேல சின்னதா ரெண்டு, சார் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா. அவர் படித்துக் காட்டியபோது தண்ணியும் வந்தது, கிண்டல் செய்கிறார் என்று அன்றைக்குச் சிரித்துவிட்டாள். இதை அவர் திருப்பிப் படித்துக் காட்டினால் பிசகு எங்கிருந்து வரும்? அவள் குரலையே அவள் காதுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் சூடு திரும்ப ஏறியது. ஏறிய வேகத்தில் வாயும் திறந்தது.

"கணக்கை யாராவது எழுத்துல எழுதுவாங்களா சார்? உங்களுக்கு மண்டைல ஒண்ணுமே இல்லையா? ஒரு கூட்டல் குறி போடத் தெரியாது? சின்னப் புள்ளைக்குத் தெரியுமே! என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு முத்து முத்தா எழுதினேன்னு பெருமை வேறயா?"

வராந்தாவில் நடந்துகொண்டிருந்த செருப்புச் சத்தங்கள் நின்றன. கோர்ட் சாரின் குரல் உடைந்திருந்தது.

"கூட்டல் குறி தெரியும்மா. ஆனா நீங்க சொன்னது கூட்டல்ங்கற வார்த்தை. சாட்சி சொன்னதை மாத்தி எழுதினா அது குத்தம். சொன்னதுக்கு மேல ஒரு புள்ளி வைக்க எனக்கு உரிமை இல்லன்னு பழகின கை இது. யாராவது ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அவர் சொன்னதில் இருந்த நியாயம் அவளுக்கு உடனே உறைத்தது. உறைத்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. இந்த மனிதரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? கணக்குத் தாளுக்கு இவரைத் தேடிப் பிடித்து அனுப்பியது யார்? மிளகாய் விறுவிறுவென்று மையத்துக்குள் திரும்பி நுழைந்தாள். இந்தத் தடவை சோபாவில் உட்காரவில்லை.

சிரிப்பு மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, "அது விதிம்மா" என்றார். "எழுதறவங்களுக்கு அந்தப் பாடம் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சா அவங்களே போட்டுக் கொடுத்துடுவாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். கணக்குன்னாலே என்னன்னு தெரியாத ஆளா பாத்துதான் நாங்க போட்டோம்."

"ரொம்ப நல்லாப் பாத்திருக்கீங்க. தப்பு மையத்தோடதுன்னு துறைக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம். நான் சொன்னது சரி, எழுதினதுலதான் தப்புன்னு. எனக்கு மறுதேர்வு வெப்பாங்க."

"எழுதலாம். ஆனா குழு வர்ற நேரத்துல, மையத்துல தப்புன்னு நாங்களே எப்படிம்மா எழுதறது? நீயே யோசிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமை நல்லபடியா நாலு வார்த்தை பேசு. விழா முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

'அப்புறம் பாக்கலாம்' என்பதற்கு அந்தக் கட்டடத்தில் என்ன அர்த்தம் என்று மிளகாய்க்குத் தெரியும். சக்கர நாற்காலியில் வரும் அவள் வகுப்புத் தோழன் சாய்தளம் கேட்டுக் கேட்டு, அது வருவதற்குள் படிப்பையே முடிக்கப் போகிறான். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக ஆள் தருகிறோம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் கை கழுவியாயிற்று என்று பொருள்.

"அதோட இன்னொரு சந்தோஷமான விஷயம்" என்று மேடம் தொடர்ந்தார். "காது கேக்காத பிள்ளைங்களுக்காகப் பெரிய திரை வெக்கறோம். மேடையில பேசறதை கோர்ட் சார் உடனே தட்டச்சு பண்ணுவார். மைக்ல விழறது ஒவ்வொண்ணும் அப்படியே திரையில வரும். நீ பேசறதும் வரும்."

கதவுப் பக்கம் திரும்பியிருந்த மிளகாய் நின்றாள்.

"ஒவ்வொண்ணுமா மேடம்?"

"ஒரு வார்த்தை விடமாட்டார். அவரைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே."

"தெரியும் மேடம். பேசறேன்."

வீட்டில் அண்ணன் குதித்தான். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் அடிக்கும் பழக்கத்தில் வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவான். "உன்னைக் கவுத்தவங்களுக்கு நீ போய் நன்றி சொல்லப் போறியா? ரோஷம்னு ஒண்ணு இருந்துச்சே, அதை எங்க தொலைச்ச? என்னைக் கூட்டிட்டுப் போ, அந்த சோபாவைத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு வரேன்."

"நீ வா. ஆனா வாயைத் திறக்காத அண்ணா. திரையில என்ன வருதுன்னு மனசுல வெச்சுக்கோ. எனக்கு அப்புறம் சொல்லணும்."

"அதை மட்டும் செஞ்சாப் போதுமா? அடிக்க வேணாமா?"

"போதும்" என்றாள் மிளகாய். அம்மா இருவரையும் சாப்பிட வரச் சொல்லிக் கத்தினாள்.

வெள்ளிக்கிழமை அரங்கில் குளிர் எலும்பைத் தொட்டது. வெளியூர்க் குழுவுக்காக ரோஜா வாசனை இரண்டு மடங்காக அடிக்கப்பட்டிருந்தது. முன்வரிசையில் காது கேளாத பிள்ளைகள் என்று அறிவித்தார்கள். அதற்குப் பின்னால் பேராசிரியர்கள். மேடையேறப் போகும் வழியில் சுண்ணக்கட்டித் தூளின் வாசனை ஒன்று அவளைக் கடந்தது. கணக்குத் துறையின் சாக்பீஸ் வாத்தியார். எங்கே போனாலும் அந்த மனிதரோடு கரும்பலகையும் கூடவே போகும்.

ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். ஆதரவு, அரவணைப்பு, தோள் கொடுத்தல், கைகோத்தல். அங்கே சொல்லப்பட்ட கையையும் தோளையும் சேர்த்தால் ஒரு ஊரையே தூக்கி நிறுத்தலாம். நிஜமான ஒரு கை மட்டும் அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. கேட்காமலே பிடிக்கிற சிரிப்பு மேடத்தின் கை. அவளை மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டும் அது விலகவில்லை. மேடையின் ஓரத்தில் விசைப்பலகை ஓசை கேட்டது. காதில் ஹெட்போன் மாட்டி, மைக்கில் விழுவதையெல்லாம் கோர்ட் சார் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் மிளகாய். "மையம் எனக்குச் செஞ்ச உதவியைச் சொல்லச் சொன்னாங்க. சும்மா சொன்னா உங்களுக்குப் புரியாது. செஞ்சு காட்டறேன். என் தேர்வுல வந்த முதல் கேள்வி. ரொம்ப சுலபமான கேள்வி. விடையைச் சொல்றேன். கோர்ட் சார் எழுதுவார்."

முழங்கையில் பிடி இறுகியது.

"இன்டெக்ரல் போடுங்க சார். கீழ பூஜ்யம், மேல ஒண்ணு. உள்ள எக்ஸ், பக்கத்துல ஈ, அதுக்கு மேல சின்னதா எக்ஸ். டி எக்ஸ். அடுத்த வரி. சமம். அடைப்புக்குறி திறங்க. எக்ஸ், ஈ, மேல சின்னதா எக்ஸ். மூடுங்க. பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். கூட்டல், ஐயோ இல்ல, அடிச்சிடுங்க சார், கழித்தல். இன்டெக்ரல், கீழ பூஜ்யம், மேல ஒண்ணு, ஈ, மேல சின்னதா எக்ஸ், டி எக்ஸ்."

விசைப்பலகை விடாமல் ஓடியது. ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"என்னம்மா இது?" என்று காதோரம் கிசுகிசுத்தது சிரிப்பு மேடத்தின் குரல். முதல் தடவையாக அதில் சிரிப்பு இல்லை. "நன்றி மட்டும் சொல்லிட்டு இறங்கு."

அரங்கில் முதலில் சிரித்தது முன்வரிசைதான். பேச்சே கேட்காத அந்தப் பிள்ளைகள்தான் திரையை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய் நிறுத்தவில்லை.

"அடுத்த வரி. சமம். ஈ கழித்தல், அடைப்புக்குறி திறங்க, ஈ கழித்தல் ஒண்ணு, மூடுங்க."

"இப்ப நிறுத்தலன்னா மறுதேர்வை மறந்துடு" என்றது காதோரக் குரல். "சார், சார், இதையெல்லாம் எழுதாதீங்க!"

விசைப்பலகை ஓடியது. முன்வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது. இப்போது பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. கூட்டத்துக்குள்ளிருந்து ஹாரன் அடித்த மாதிரி அண்ணனின் குரல் எழுந்தது. வாயைத் திறக்காதே என்று சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"மிளகா! எல்லாமே வருது! 'மறுதேர்வை மறந்துடு'ன்னு வந்திருக்கு, 'இதையெல்லாம் எழுதாதீங்க'ன்னும் வந்திருக்கு!"

முழங்கையிலிருந்த கை சுட்டதுபோல விலகியது. மிளகாய் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்த வரி. சமம், ஒண்ணு. விடை ஒண்ணு" என்றாள். "இதுக்குத்தான் எனக்குப் பூஜ்யம். நான் சொன்ன கணக்கு தப்பில்ல. இதோ திரையில பாக்கறீங்களே, இப்படித்தான் என் தாள் போச்சு. கணக்குத் தாளுக்கு கணக்கே தெரியாத ஆளா தேடிப் பிடிச்சு அனுப்பினாங்க, அவருக்கு எப்படி எழுதணும்னு ஒரு வார்த்தை சொல்லாம. என்னை வரலாறு படிக்கப் போகச் சொன்னாங்க. தப்பு மையத்தோடதுன்னு எழுதிக் கொடுங்கன்னா, விழா முடியட்டும்னாங்க. எனக்குக் கண்ணு தெரியாது. அது எனக்குப் பழகிப் போச்சு. என்னை வெச்சுப் படம் காட்டிட்டு, என் கணக்கைப் புடுங்கிக்கறதுதான் பழகலை."

யாரும் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டி வாசனை மேடைப் படிகளில் ஏறி வந்தது.

"அந்தத் தாள் உன்னோடதாம்மா?" சாக்பீஸ் வாத்தியாரின் குரல் கரகரத்தது. "பேர் மறைச்சு வரும், எனக்குத் தெரியாது. யாரோ குசும்பு பிடிச்சவன் கணக்குத் தாள்ல வசனம் எழுதி வெச்சிருக்கான்னு நெனச்சு, ஒரு வரி படிச்சதும் பூஜ்யம் போட்டுட்டேன். முழுசாப் படிச்சிருக்கணும். என் மேலயும் தப்பு."

"இப்ப நான் சொன்னது சரியா சார்?"

"சரி. ஒவ்வொரு வரியும் சரி."

"மைக்ல சொல்லுங்க."

அவர் மைக் பக்கம் குனிந்தார். "சரி. அந்தத் தாளை நாளைக்கே நான் திரும்பத் திருத்தறேன். அவ சொன்னது சொன்னபடி அதுல இருக்குன்னா, வாய்த் தேர்வு மாதிரி வரி வரியா மார்க் போடுவேன்."

"அதெல்லாம் அப்புறம் ஆபீஸ்ல பேசிக்கலாம் சார்" என்றது இன்னொரு குரல். சிரிப்பு அதற்குள் பழைய இடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இப்ப இது விழா மேடை."

மிளகாயின் காது மடல் திரும்பவும் சூடாயிற்று. அவள் விசைப்பலகை இருந்த பக்கம் திரும்பினாள்.

"கோர்ட் சார், வாத்தியார் சொன்னதை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"மேடம் அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னதை?"

"அதையும்."

"அதை அடிச்சிடுங்கன்னு யாராவது உங்ககிட்ட வந்து சொன்னா?"

கோர்ட் சார் ஹெட்போனைக் கழற்றவில்லை. விரலும் நிற்கவில்லை.

"அடிச்சிடச் சொன்னாங்கன்னு எழுதுவேன்மா" என்றார்.